முத்தாரம்மன் ஸ்டோர்ஸ், வயது 58, ஆண்

அந்த வயிற்றைப் பார்த்தபோது என் வாயில் பாதி முறுக்கு இருந்தது.

தாராவியில் ஒரு மளிகைக் கடையின் பின்கட்டு. அரிசி மூட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள். மடியில் ஃபைல், ஃபைலின் மேல் முறுக்குத் தட்டு. ஒரு பக்கம் கருவாட்டு வாசனை, இன்னொரு பக்கம் ஊதுபத்தி. மாட்டுங்காவில் ஓர் ஐயர் வீட்டில் பிறந்து வளர்ந்த என் மூக்கு எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தது.

கடைக்காரரின் மனைவி பேச்சியம்மாள், டீச்சருக்கு டீ கொண்டா என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். டீச்சர் என்பது நான்தான். கையில் ஃபைலோடு யார் வந்தாலும் அவருக்கு டீச்சர்.

முதலில் வயிறு வந்தது. அதன் பின்னால் டீ வந்தது. கடைசியாக மருமகள் அனிதா வந்தாள்.

"ஏழாவது மாசம் ஆன்ட்டி. வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. நீங்களும் ஆனா ஹை, கட்டாயம் வரணும்," என்றாள்.

நான் சிரித்து வைத்தேன். என் மடியிலிருந்த ஃபைலில், டாக்டர் சொன்னதை வைத்து, இதே மருமகளுக்குக் கடந்த மூன்று மாதமாக மாதவிடாயில் ரத்தம் அதிகமாகப் போகிறது என்று எழுதியிருந்தது. நிறுத்துவதற்கு மூன்று தடவை மாத்திரை கொடுத்ததாகவும் எழுதியிருந்தது. ஏழு மாதக் கர்ப்பிணிக்கு ஏது மாதவிடாய்?

முறுக்கை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நான் டாக்டர் இல்லை

இந்தத் தொடரைப் படித்துவிட்டு முழங்கால் வலிக்கும் முடி கொட்டுவதற்கும் மருந்து கேட்டு எழுதுகிறவர்களுக்கு மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை. புள்ளியியல் படித்தவள். என் வீட்டுக்காரருக்குத் தலைவலி என்றால்கூட, எத்தனை நாளாக என்று கேட்டுக் குறித்துக்கொள்வேனே தவிர, தைலம் தேய்க்கத் தெரியாது. அவரே இதைப் பற்றி நிறையப் பேரிடம் புகார் சொல்லியிருக்கிறார்.

செம்பூரில் ஓர் இனிப்புக் கடைக்கு மேலே இரண்டு அறைகள்தான் எங்கள் அலுவலகம். நெய் வாசனையில் புற்றுநோயைப் பற்றி யோசிக்கிற அலுவலகம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

வேலை இதுதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய் முற்றிப்போய் வருகிறவர்களில் பலர், அதற்கு முன்னாலேயே தெருமுனை டாக்டரிடம் ஏதோ ஒரு சின்னத் தொந்தரவுக்காகப் போய்க் காட்டியிருப்பார்கள். ஆறாத வாய்ப்புண். காரணமில்லாமல் உடம்பு இளைப்பது. மாதவிடாய் நின்று பல வருஷம் கழித்து மறுபடி ரத்தம். அந்த நெரிசலில் டாக்டர் ஒரு மாத்திரை எழுதி அனுப்பியிருப்பார். அப்படிப்பட்ட டாக்டர்களின் சீட்டுகளை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இந்த ஆளை உடனே மேலே அனுப்புங்கள் என்று முன்கூட்டியே எச்சரிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

காகிதத்தில் எழுதும்போது எளிதாகத்தான் இருந்தது. என் தமிழே எனக்கு முதல் எதிரி என்று அப்போது தெரியாது.

முதல் வருஷம் பெண்களுக்காக ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். 'தங்களுக்கு உதிரப்போக்கு உள்ளதா?' என்று அழகாக எழுதினேன். தாராவி லேபர் கேம்பில் ஒரு சந்து முழுக்கக் கேட்டோம். எல்லோரும் ஆமாம் என்றார்கள். பதினாறு வயசுப் பெண்ணிலிருந்து எழுபது வயசுக் கிழவி வரைக்கும் ஆமாம். இவ்வளவு பெரிய ஆபத்தை இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லையே என்று பதறிப்போய், கடைசி வீட்டுப் பெண்ணிடம் எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

போர் தண்ணியில குளிக்க ஆரம்பிச்சதுல இருந்தே உதிருது என்று தலையைக் குனிந்து காட்டினாள். சீப்பையும் எடுத்து வந்து காட்டினாள்.

ஒரு சந்தே முடி உதிர்வதைப் பற்றி என்னிடம் மனம் திறந்திருக்கிறது. அன்றைக்கு அந்த வார்த்தையை விட்டவள்தான், பிறகு எந்தத் தாளிலும் எழுதவில்லை.

லூர்து கண்டுபிடித்த முறை

தாராவியில் எங்களுக்குச் சீட்டு தருகிற டாக்டர் ஜெயசீலனின் கிளினிக் பத்துக்குப் பத்து அறை. அறுபது வயது தாண்டியவர். காலையில் உட்கார்ந்தால் மதியம் வரைக்கும் தலையை நிமிர்த்த நேரமிருக்காது. வாசலில் கம்பவுண்டர் லூர்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கேஸ் பேப்பரைத் தேடி எடுத்துக் கொடுப்பார்.

கேஸ் பேப்பர் என்பது நோயாளியின் வரலாறு எழுதிய அட்டை. ஊரில் மற்ற இடங்களில் ஆளுக்கு ஒன்று இருக்கும். லூர்துவிடம் அப்படி இல்லை. இந்தச் சந்துகளில் வீட்டு நம்பர் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது. பெயரைக் கேட்டால் ஒரே வரிசையில் நான்கு முருகேசன்கள் நிற்பார்கள். பெண்களில் பாதிப் பேர் பெயரையே சொல்ல மாட்டார்கள். இன்னார் கடை வீடு என்றுதான் சொல்வார்கள். ஆகவே லூர்து கடைப் பெயரை வைத்தே அட்டை போட்டுவிட்டார். கடைக்கு ஓர் அட்டை. அந்தக் கடை வீட்டில் யார் வந்தாலும் அதே அட்டை. மேலே எழுதியிருக்கும் வயதும் ஆணா பெண்ணா என்பதும், அந்தக் கடையிலிருந்து முதல்முதலில் வந்த ஆளுடையது.

லூர்துவைக் குறை சொல்ல மாட்டேன். கேட்ட அட்டையை அவர் எடுத்துக் கொடுக்கும் நேரத்தில், பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் திறந்துகூட இருக்காது. ஒரே ஒரு குறை, இந்த முறையைப் பற்றி அவர் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதனால் எங்கள் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை முத்தாரம்மன் ஸ்டோர்ஸ் ஒரு மனிதர். வயது ஐம்பத்தெட்டு. ஆண். சர்க்கரை உண்டு. நாய் கடித்திருக்கிறது. ஒரு பல் பிடுங்கியிருக்கிறது. அப்புறம், மாதவிடாயில் ரத்தம் அதிகமாகப் போகிறது.

சுவரில் ஒட்டிய அண்ணாச்சி

தகவலில் இப்படிக் கோணல்கள் வரும் என்று எங்களுக்குத் தெரியும். அதற்குத் துப்புரவு என்று ஒரு வேலை வைத்திருக்கிறோம். ஆணுக்குப் பெண்களின் நோய் எழுதியிருந்தால் அது எழுத்துப்பிழை, வரியைத் தூக்கிவிடு. இந்த விதியை எழுதியது நான்தான். எழுதிய அன்றைக்கு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

முத்தாரம்மன் ஸ்டோர்ஸ் வரியும் அப்படித்தான் குப்பைக்குப் போனது. போகிற வழியில் என் கண்ணில் பட்டது. எனக்கு ஒரே சிரிப்பு. அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அலுவலகச் சுவரில் ஒட்டினேன். கீழே 'அண்ணாச்சிக்கு மூன்று நாள் லீவு கொடுங்கள்' என்று பேனாவால் எழுதினேன். யார் வந்தாலும் அதைக் காட்டிச் சிரிக்க வைத்தோம். இரண்டு மாதத்துக்கு மேல் அது அங்கேயே இருந்தது.

ஒருநாள் ஜெயசீலனிடம் போனபோது, டாக்டரைச் சீண்டிப் பார்க்கலாம் என்று ஃபோனில் அந்தப் படத்தைக் காட்டினேன். உங்கள் கையெழுத்தில் ஆண்களுக்கெல்லாம் மாதவிடாய் வருகிறது பாருங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துப் படித்தார்.

இது அண்ணாச்சி இல்லை, அவர் மருமகள் என்றார். மாமியார் வந்து சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறாராம். பெண்ணைக் கூட்டிவரச் சொல்லி இரண்டு தடவை சொல்லியும் வரவில்லையாம். சின்ன வயசுப் பெண்தானே என்று கொடுத்திருக்கிறார். பிறகுதான் லூர்துவின் முறை என்னவென்று எனக்கு விளங்கியது.

சரி, ஆபத்தில்லை, இளம்பெண், வெறும் அட்டைக் குழப்பம் என்று மனசு லேசாகிவிட்டது. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை போட, பெயரும் வயதும் எழுதி வருகிறேன் என்று நானே கிளம்பினேன். சும்மா ஒரு குமாஸ்தா வேலை. அப்படித்தான் அந்தப் பின்கட்டில் முறுக்குத் தின்னப் போய்ச் சேர்ந்தேன்.

அந்த வீட்டில் இரண்டே பெண்கள்

மறுபடி அந்த நாற்காலிக்கு வருகிறேன்.

அனிதா டீயைக் கொடுத்துவிட்டு நின்றாள். முறுக்கை எப்படியோ விழுங்கிவிட்டு, டாக்டர் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டேன்.

எந்தக் கோலி, எந்த மாத்திரை, எனக்கு மாஹிம்ல லேடி டாக்டர்தான், இந்த ஜெயசீலன் தவாக்கானா பக்கமே நான் போகலையே என்றாள்.

பேச்சியம்மாள் சட்டென்று அவளைக் கடையில் போய் நிற்கச் சொன்னார். கடையில் அண்ணாச்சியும் மகனும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆளுக்கு அங்கே இடம்கூடக் கிடையாது. அனிதா என்னையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த வீட்டில் இரண்டே பெண்கள். ஒருத்திக்கு ஏழு மாதம். இந்தக் கணக்குக்குப் புள்ளியியல் தேவையில்லை.

பேச்சியம்மாள் முறுக்குத் தட்டைச் சரியாக நகர்த்தி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நாந்தான் டீச்சர். மருமவ பேரச் சொல்லி நாந்தான் வாங்கி முழுங்குனேன்."

நின்று ஆறு வருஷமாகிவிட்டதாம். திடீரென்று ஒருநாள் பட்டிருக்கிறது. மாத்திரை போட்டால் நிற்கிறது, விட்டால் வருகிறது. வலி கிடையாது. வலி இல்லாத ஒன்றுக்கு எதற்கு இவ்வளவு கட்பட், இவ்வளவு கலாட்டா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. டாக்டரிடம் சொல்லலாமே என்று கேட்டேன்.

"மருமவ உண்டாயிருக்கா. இந்நேரம் மாமியாளுக்குத் தீட்டுன்னா இந்தச் சந்துல சிரிக்க மாட்டாளுவளா? வெள்ளிக்கெழம வளைகாப்பு. தெரிஞ்சா நான் எட்டத்தான நிக்கணும். மொதப் பேரப்பிள்ளை டீச்சர்."

எனக்குச் சுவரில் ஒட்டிய காகிதம் ஞாபகம் வந்தது. இந்தம்மா சந்து சிரிக்குமே என்று பயந்து ஒளிந்திருக்கிறார். சந்துக்குப் பதிலாகச் செம்பூரில் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். வெட்கமாக இருந்தது.

நான் பேசிய சாஸ்திரம்

இந்த மாதிரி ரத்தம் பல பேருக்கு ஆபத்தில்லாத காரணத்தால் வரும். ஆனால் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. மாத்திரை போட்டு நிறுத்தினால் அறிகுறி மறையுமே தவிர, உள்ளே இருப்பது மறையாது. இதையெல்லாம் விளக்கினேன். பேச்சியம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வளைகாப்பு முடிந்து, பிரசவம் முடிந்து, பிள்ளைக்குப் பெயர் வைத்த பிறகு கட்டாயம் வருகிறேன் என்றார்.

அதற்கு இன்னும் மூன்று மாதமாவது ஆகும். ஏற்கெனவே மூன்று மாதம் போய்விட்டது. அதில் இரண்டு மாதம் என் சுவரில் போனது.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அந்தக் கோபத்தில் என் வாழ்க்கையில் முதல்முறையாகச் சாஸ்திரம் பேசினேன். எனக்குச் சாஸ்திரத்தில் ஒரு வரி தெரியாது. எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் காலண்டர் வாங்கினால் இலவசமாக வருவது மட்டும்தான்.

"இது தீட்டே இல்லை, கேட்டேளா. மாசாமாசம் வரதுதான் தீட்டு. நின்னு போனப்புறம் வந்தா அது காயம். விரல்ல அரிவாள்மனை பட்டா தூரம்னு ஒதுங்குவேளா? காயத்துக்கு என்ன தீட்டு?"

பேச்சியம்மாள் தலையாட்டினார். ஐயர் வீட்டு ஆளுங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றார். எங்கள் சாதிக்காரர்கள் இத்தனை வருஷம் பெண்களை ஒதுக்கி வைக்கச் சொன்ன அதே வாயால், ஒருத்தியை உள்ளே கூப்பிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய்தான். ஆனால் அன்று வேறு ஏதும் கைக்குக் கிடைக்கவில்லை.

பேரம் முடிந்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. வெள்ளிக்கிழமை வளைகாப்பில் அவர் முன்னால் நிற்பார். அண்ணாச்சிக்கு இப்போதைக்கு முழங்கால் வலி என்று சொல்வோம். தகவல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் உபதேசம் செய்கிறவள், கல்லாவில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரிடம் அவர் மனைவியின் மூட்டு தேய்ந்திருக்கிறது என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னேன். அவர் வழியில் சாப்பிட ஒரு பொட்டலம் முறுக்கு கட்டிக் கொடுத்தார். மாடிப்படி இல்லாத பக்கமாகக் கூட்டிக்கொண்டு போங்க என்று வேறு சொன்னார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்தேன். ஏன் என்று ஒருவர் கேட்டார். பழசாகிவிட்டது என்றேன்.

வளையல்

திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருக்கிறது, துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். வியாழக்கிழமை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சந்தில் ஷாமியானா போட்டு வளைகாப்பு நடந்தது.

நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். பேச்சியம்மாள் முன்வரிசையில் நின்று மருமகளின் கைக்கு வளையல் ஏற்றினார். ஒவ்வொரு வளையலுக்கும் நடுவே என்னைப் பார்த்தார். இந்தக் கூட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, முடிவை நினைத்துப் பயமும் வந்தது. எலுமிச்சை சாதத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுச் சமாளித்தேன்.

மறுவாரம் முடிவு வந்தது. புற்றுதான். ஆனால் முளைத்த இடத்தைத் தாண்டியதாகத் தெரியவில்லை, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நல்லபடியாக இருக்கும் என்றார்கள். அண்ணாச்சியிடம் பேச்சியம்மாளே சொன்னார். அந்தக் கடையின் ஷட்டர் பகலில் இறங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணாச்சி ஷட்டருக்கு உள்ளே உட்கார்ந்து அழுதிருக்கிறார். அழுது முடித்தபின் கேட்ட முதல் கேள்வி, அப்போ முழங்கால் நல்லாத்தான் இருக்கா என்பது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மற்ற எங்கும் பரவவில்லை என்று உறுதியும் வந்தது. நான் என் விதியை மாற்றினேன். ஆணுக்குப் பெண்களின் நோய் வந்தால் இனித் தூக்கக் கூடாது, வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். லூர்துவும் முணுமுணுத்துக்கொண்டே ஆளுக்கோர் அட்டை போட ஆரம்பித்தார்.

பேச்சியம்மாள் கேட்டது

பேத்தி பிறந்து சில வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். அதே பின்கட்டு, அதே நாற்காலி. பேச்சியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார், ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

அன்று அந்தச் சாஸ்திரம் நான் கட்டிவிட்டது என்று ஒப்புக்கொண்டேன். அது அப்போதே தெரியும் என்றார். அவருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்ததாம்.

அந்தத் தைரியத்தில் இன்னொன்றையும் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் ராத்திரி தூக்கம் வராது போலிருந்தது. மருந்துச் சீட்டு என் கைக்கு முதலிலேயே வந்ததையும், ஆண் என்று போட்டிருந்ததால் பிழை என்று நான் குப்பையில் தள்ளியதையும், அதைச் சுவரில் ஒட்டி ஊரைச் சிரிக்க வைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

அவர் சிரித்தார். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, தையல் இழுக்குது டீச்சர் என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். அண்ணாச்சிக்கு மூன்று நாள் லீவு என்ற வரியைத் திருப்பிச் சொல்லச் சொல்லி இன்னொரு தடவை சிரித்தார். நானும் சிரித்தேன். பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. அதை ஆட்டிச் சமாதானப்படுத்திவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அப்போ அந்தக் குப்பையில இன்னும் எத்தன பொம்பளைய கெடக்காளுவ?"

புதிய விதி புதிதாக வருகிறவர்களுக்குத்தான். பழைய குப்பையை நான் திறக்கவே இல்லை. நேரமில்லை என்று மற்றவர்களிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் பயம்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போனேன். கீழே கடையில் அப்போதுதான் ஜிலேபிக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நான் தூக்கிப் போட்ட வரிகளைத் திறந்தேன். திரையில் அடங்காமல் கீழே போய்க்கொண்டே இருந்தன.

முதல் வரியில் ஒரு டெய்லர் கடை. வயது அறுபத்து மூன்று. ஆண். மார்பில் வலியில்லாத கட்டி. இதை ஏன் தூக்கினேன் என்று யோசித்தேன். ஆணுக்கு மார்பில் கட்டியா என்று சிரித்திருப்பேன். ஒன்பது மாதத்துக்கு முந்தைய தேதி.

லூர்துவுக்கு ஃபோன் செய்து, அந்த டெய்லர் கடை வீட்டில் எத்தனை பெண்கள் என்று கேட்டேன்.

மூணு பேரு மேடம் என்றார்.

மூவரின் பெயரையும், எதற்கும் டெய்லரின் பெயரையும், ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு கிளம்பினேன்.